நான் என்ன சொல்லிவிட்டேன்?

தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி கேட்கிற கேள்வி எது என்று யாராவது என்னைக் கேட்டால், "நான் என்ன சொல்லிவிட்டேன்?" என்பதுதான் என்று சொல்வேன். கல்யாண வீட்டில் சம்பந்திகளுக்குள் மனஸ்தாபம் வந்த பிறகு ஒருவர் இதைக் கேட்கிறார். பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகளைச் சேர்த்து வைக்கப் போகும் பெரியவரிடம் அண்ணனும் இதைத்தான் சொல்கிறார், தம்பியும் இதைத்தான் சொல்கிறார். மாமியார் கேட்கிறாள், மருமகளும் கேட்கிறாள். கேட்பவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. உண்மையாகவே அவர்களுக்குத் தெரியாது. வாயிலிருந்து ஒரு வார்த்தை போயிற்று. எதிரே இருந்தவரின் முகம் மாறிற்று. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் விளங்கவில்லை.

சொத்துக்காகப் பிரிந்தார்கள் என்று ஊரார் சொல்லும் குடும்பங்களில்கூடக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், பாகப் பத்திரத்தின் அடியில் ஒரு வார்த்தை கிடக்கும். அரை ஏக்கர் நிலத்தை விட்டுக் கொடுத்திருப்பார்; அன்றைக்கு எல்லார் முன்னாலும் கேட்ட ஒரு சொல்லை விட்டுக் கொடுக்க அவரால் முடிந்திராது. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது பழக்கமான சங்கதி. பெரிய சம்பவங்களைவிடச் சிறிய வார்த்தைகள்தாம் பாத்திரங்களைப் பிரித்து வைக்க எங்களுக்கு அதிகம் உதவுகின்றன.

வேண்டுமென்றே புண்படுத்தும் பேச்சைப் பற்றி நான் இங்கே சொல்ல வரவில்லை. குறி பார்த்துக் கல்லை எறிந்தவன் விஷயத்தில் தீர்ப்புச் சொல்வதற்கு அதிக யோசனை வேண்டாம். என் கேள்வி மற்றதைப் பற்றியது. மனத்தில் ஒரு களங்கமும் இல்லாமல் சொன்ன வார்த்தை கேட்டவரைச் சுட்டுவிட்டால், அதற்கு யார் பொறுப்பு?

நெருப்புச் சுட்ட காயத்தையும் நாக்குச் சுட்ட காயத்தையும் வள்ளுவர் அருகருகே வைத்துப் பார்த்தார் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தக் குறளை அவர் 'இனியவை கூறல்' என்ற அதிகாரத்தில் வைக்காமல், 'அடக்கமுடைமை'யில் வைத்திருக்கிறார் என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. இனிமையாகப் பேசத் தெரிவது ஒரு திறமை. நாக்கைத் தன் வசத்தில் வைத்திருப்பது வேறு விஷயம். அதற்குத் திறமையைவிட அடக்கம் வேண்டும். இன்னொன்றும் எனக்குத் தோன்றுவதுண்டு. நெருப்புக்கு உத்தேசம் கிடையாது. அடுப்படியில் தெரியாமல் கை பட்டாலும் கொப்புளம் கொப்புளம்தான்.

இந்த விஷயத்தில் உலகத்தில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. "என் மனசில் ஒன்றும் இல்லை, ஆகவே என்மேல் தவறு இல்லை" என்பது ஒரு கட்சி. "நான் புண்பட்டேன், ஆகவே நீ குற்றவாளி" என்பது மற்றொரு கட்சி. முதல் கட்சிக்காரர் தம் நெஞ்சைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டார். இரண்டாவது கட்சிக்காரர் எதிராளியின் நெஞ்சை மட்டும் பார்க்க மாட்டார். நாம் எல்லாருமே பேசும்போது முதல் கட்சியிலும், கேட்கும்போது இரண்டாவது கட்சியிலும் இருக்கிறோம் என்பதுதான் இதில் வேடிக்கை.

இரண்டு கட்சிகளும் ஒன்றை மறந்துவிடுகின்றன. வார்த்தை என்பது சொல்கிறவர் தம் வீட்டில் செய்து எடுத்து வந்த பண்டம் அல்ல. அது கடைவீதியில் புழங்கும் ரூபாய் நோட்டைப் போன்றது. நம் கைக்கு வருவதற்கு முன்னால் எத்தனையோ கைகள் மாறி வந்திருக்கிறது. அந்தக் கைகளின் அழுக்கும் அதில் இருக்கும், வாசனையும் இருக்கும்.

தொல்காப்பியத்தின் அகத்திணைப் பகுதியில் காதல் தலைவனுக்குப் பெயர் 'கிழவன்'. தலைவிக்குப் பெயர் 'கிழத்தி'. உரிமை உடையவன், உரிமை உடையவள் என்று பொருள். இன்றைக்கு எழுபது வயதுக்காரர் ஒருவரை அந்தப் பெயரால் அழைத்துவிட்டு, "இலக்கண வழக்கு ஐயா!" என்று சமாதானம் சொன்னால் அவர் கைத்தடியைத் தேடுவார். 'நாற்றம்' என்றால் ஒரு காலத்தில் நறுமணம். இன்று விருந்துக்குப் போன இடத்தில், "உங்கள் சமையலறையில் என்ன நாற்றம்!" என்று பாராட்டிவிட்டுச் சாப்பிட்டுத் திரும்ப முடியுமா? இப்படி விழுந்த சொற்கள் இருப்பது போலவே எழுந்த சொற்களும் உண்டு. குறளில் 'கழகம்' என்பது சூதாடும் இடம். இன்றோ கட்சிகளும் பல்கலைக்கழகங்களும் அந்தச் சொல்லைப் பெருமையோடு தாங்கி நிற்கின்றன. சொற்கள் நம்மைக் கேட்டுக்கொண்டு விழுவதும் இல்லை, எழுவதும் இல்லை.

முழுச் சொற்கள் இருக்கட்டும். நம் மொழியில் ஒரு சொல்லின் வால் போதும், மனிதரைப் புண்படுத்த. "நீங்கள் வந்தீர்களா?" என்று கேட்டால் வரவேற்பு. "நீங்களும் வந்தீர்களா?" என்று கேட்டால் வந்தவர் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார். "சாப்பாடு நன்றாக இருக்கிறது" என்பது புகழ்ச்சி. "இன்றைக்காவது சாப்பாடு நன்றாக இருக்கிறது" என்றால் சமைத்தவளுக்கு நேற்றைய ரசமும் முந்தாநாள் குழம்பும் சேர்ந்து நினைவுக்கு வரும். பிரசவ ஆஸ்பத்திரி வாசலில், "என்ன குழந்தை?" என்று கேட்டுப் பதிலைத் தெரிந்துகொண்டு, "பெண்தானா?" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் தம் பெண்களைக் கண்ணாக வளர்த்தவர்கள். அந்தத் 'தான்' அவர்களுடையது அல்ல. தலைமுறை தலைமுறையாக ஆஸ்பத்திரி வாசலிலும், அதற்கு முன்பு வீட்டுத் திண்ணையிலும் நின்றவர்கள் விட்டுப் போன 'தான்' அது. ஆனால் உள்ளே கட்டிலில் படுத்திருப்பவளுக்கு அதைச் சொன்னவர் குரலில்தான் கேட்கிறது.

இலக்கணக்காரர்கள் இந்த வால்களை 'இடைச்சொல்' என்பார்கள். அவற்றுக்குத் தனியே நடமாடும் சக்தி கிடையாது. 'உம்' என்ற இடைச்சொல்லின் பொருள்களில் 'சிறப்பு' ஒன்று. அதிலும் உயர்வு சிறப்பு, இழிவு சிறப்பு என்று இரண்டு உண்டு. 'இவரும்கூட' என்று வியப்பது உயர்வு. 'இவனும்கூட' என்று தாழ்த்துவது இழிவு. நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்கிறார்கள் என்று நான் மகிழ்வதுண்டு. ஆனால் இழிவு சிறப்புக்கு உதாரணமாக இலக்கண உரைகள் வழிவழியாகக் காட்டி வந்த தொடரைப் படிக்கும்போது அந்த மகிழ்ச்சி நின்றுவிடுகிறது. 'இன்ன சாதிக்காரனும் விரும்பாத உடம்பு' என்பது அந்தத் தொடரின் கருத்து. உரைகாரர் யாரையும் திட்டவில்லை. ஓர் இடைச்சொல்லின் பொருளை விளக்கினார். அதை வகுப்பில் நடத்திய ஆசிரியர்களும் யாரையும் திட்டவில்லை, பாடம் நடத்தினார்கள். இத்தனை காலத்தில், அந்தச் சாதியில் பிறந்த ஒரு பையனாவது ஏதோ ஒரு வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்க மாட்டானா? அவன் 'உம்'மின் பொருளைப் புரிந்துகொண்டிருப்பான். யாரும் உத்தேசிக்காத வேறு ஒன்றையும் புரிந்துகொண்டிருப்பான்.

மரியாதைச் சொற்கள் விஷயமும் இப்படித்தான். கேட்பது என்ற ஒரே காரியத்துக்குத் தொல்காப்பியம் மூன்று சொற்களைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. தாழ்ந்தவன் கேட்டால் 'ஈ'. சமமானவன் கேட்டால் 'தா'. உயர்ந்தவன் கேட்டால் 'கொடு'. ஒருவன் வாயைத் திறந்து ஒரு பொருளைக் கேட்டவுடனே அவன் எந்தப் படியில் நிற்கிறான் என்பது தெரிந்துவிடும். அந்தப் பாகுபாடு மறைந்துவிட்டது, படிகள் மறையவில்லை. இப்போது அவை 'நீ', 'நீங்கள்' என்பவற்றில் குடியிருக்கின்றன. 'நீ' கெட்ட வார்த்தையா என்ன? தாயை 'நீ' என்கிறோம். தெய்வத்தை 'நீ' என்கிறோம். அதே சொல்லை, வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அறுபது வயது அம்மாளைப் பார்த்து அந்த வீட்டு ஆறு வயதுப் பிள்ளை சொல்கிறது: "நீ ஏன் நேத்து வரலை?" பிள்ளையின் மனத்தில் சூது இல்லை, அந்த அம்மாளிடம் அதற்குப் பிரியம்கூட உண்டு. அவளும் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறாள். ஆனால் அவளுடைய பேரனுக்கும் ஆறு வயது. அவன் அந்த வீட்டு எஜமானியை 'நீ' என்று ஒரு தடவை கூப்பிட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். குழந்தை குற்றமற்றது. அந்தச் சொல்லை அதன் வாயில் விட்டு வைத்திருக்கும் வீடு குற்றமற்றது என்று சொல்ல முடியுமா?

'சும்மா' என்ற சொல்லையும் சொல்ல வேண்டும். தாயுமானவர் போன்ற ஞானிகளுக்குச் சும்மா இருப்பது பெரிய பேறு. எய்துதற்கு அரிய நிலை. "உங்கள் மனைவி வேலைக்குப் போகிறாரா?" என்று கேட்டால், நம் கணவன்மார், "இல்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்கிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, பால் காய்ச்சி, பிள்ளைகளை எழுப்பி, நான்கு டப்பாக்களில் சாப்பாடு கட்டி, மாமனாருக்கு மருந்து எடுத்துக் கொடுத்து, துணி துவைத்து, மறுபடியும் அடுப்படிக்குப் போகிற ஒருத்திக்கு இவ்வளவு சுலபமாக ஞானம் கைகூடிவிடுகிறது! சொன்னவர் அவளை இகழ நினைக்கவில்லை. நினைக்கவே இல்லை என்பதுதான் அவளுக்கு வலிக்கிறது.

இங்கே சிலர் குறுக்கிட்டு, "இதெல்லாம் மிகையான உணர்ச்சி. எதற்கெடுத்தாலும் முகம் சுளித்தால் மனிதன் வாயே திறக்க முடியாது" என்று சொல்லக்கூடும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்குப் பதில் சொல்லுமுன், ஒரு தாலுகா ஊரில் நான் பார்த்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கல்யாண வீடு. முகூர்த்தம் முடிந்து, பந்திக்குக் காத்திருந்தோம். என் பக்கத்தில் சென்னையிலிருந்து வந்திருந்த ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர், நல்ல மனிதர். யாரைப் பார்த்தாலும் ஊர், உறவு விசாரித்துப் பேச்சுக் கொடுக்கும் சுபாவம். எதிரே ஓர் இளைஞர் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். உள்ளூர்ப் பள்ளியில் ஆசிரியர்.

"தம்பிக்கு எந்த ஊரு?" என்றார் பெரியவர்.

"இதே ஊருதான் சார்."

"அப்படியா, சந்தோஷம்! வீடு எங்கே? காலனியிலா?"

இளைஞர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஏன் சார், பார்த்தா அப்படித் தெரியுதா?" என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார்.

பெரியவர் திகைத்துப் போனார். என் பக்கம் திரும்பி, "நான் என்ன சார் சொல்லிட்டேன்?" என்றார்.

சென்னையிலே அவர் இருப்பது ஒரு காலனியில். முப்பது வருஷத்துக்கு முன்னால் மனை வாங்கி, கடன் போட்டு வீடு கட்டி, சங்கத்துக்கு இரண்டு தடவை காரியதரிசியாகவும் இருந்தவர். 'காலனி' என்பது அவருக்கு வேப்ப மரமும், பூங்காவும், பால் பூத்தும் உள்ள ஓர் இடம். கிராமங்களிலோ அந்தச் சொல்லுக்கு வேறு வாழ்க்கை. ஊருக்கு வெளியே, தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீடுகளின் வரிசைக்குப் பெயர் காலனி. 'ஊர்' என்றால் ஒரு சாரார், 'காலனி' என்றால் மற்றொரு சாரார். அங்கே "வீடு காலனியிலா?" என்று கேட்டால் அது சாதியைக் கேட்கும் கேள்வி. அதுவும் நேரே கேட்கத் துணிவில்லாதவன் சுற்றி வளைத்துக் கேட்கும் கேள்வி.

உள்ளூர்க்காரர் ஒருவர் இதை மெதுவாகப் பெரியவரின் காதில் சொன்னார். பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து வெளியே போய், பந்தல் காலருகே நின்ற அந்த இளைஞரைக் கண்டுபிடித்தார். நானும் பின்னால் போனேன். "தம்பி, அந்த வார்த்தைக்கு இங்கே அப்படி ஓர் அர்த்தம்னு சத்தியமா எனக்குத் தெரியாது" என்றார்.

இளைஞர் மரியாதையாகவே பதில் சொன்னார்: "உங்களுக்குத் தெரியாதுங்கிறதை நம்புறேன் சார். ஆனா எனக்குத் தெரியாம இருந்த நாளே கிடையாது."

நான் இந்த விஷயத்தைப் பற்றி எத்தனையோ யோசித்திருக்கிறேன். படித்தும் இருக்கிறேன். ஆனால் அந்த இளைஞர் சொன்னதற்கு மேல் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு சொல்லின் முள் தெரியாமல் இருப்பது ஒரு வசதி. முள் குத்தாதவர்களுக்குத்தான் அந்த வசதி கிடைக்கிறது. பெரியவரின் அறியாமை உண்மையானது, குற்றமும் அல்ல. ஆனால் அது சும்மா கிடைத்ததும் அல்ல. எந்தத் தெருவில் பிறந்தார் என்பதைப் பொறுத்துக் கிடைத்தது.

'காலனி' என்ற இந்தச் சொல்லின் கதையை இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் இன்னொரு பாடம் கிடைக்கும். அதற்கு முன்னால் அந்த இடத்துக்குச் 'சேரி' என்று பெயர். சேரி என்றால் ஆதியில் இழிவு ஒன்றும் கிடையாது. மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். சோழர் காலத்துப் பிரம்மதேய ஊர்களில் பிராமணர் குடியிருந்த பகுதிகளுக்கே சேரி என்று பெயர் இருந்ததைக் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. புதுச்சேரியும் வேளச்சேரியும் இன்றும் அந்தப் பெயரைக் கூச்சமில்லாமல் சுமக்கின்றன. பின்னால் அந்தச் சொல்லைத் தாழ்த்தப்பட்டவர்களின் குடியிருப்புக்கு மட்டும் ஒதுக்கினார்கள், சொல் கறைபட்டது. 'காலனி' என்ற புதிய ஆங்கிலச் சொல் வந்தது. அதற்குப் பழைய கறை எதுவும் கிடையாது. ஒன்றிரண்டு தலைமுறைக்குள் அதுவும் கறைபட்டது. 2025 ஏப்ரல் மாதம், காலனி என்ற சொல் தீண்டாமையின் அடையாளமாகவும் வசைச் சொல்லாகவும் ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார்.

இதைப் பார்த்து, "எந்தப் பெயரை வைத்தால் என்ன? அதுவும் நாளைக்குக் கெட்டுத்தானே போகும்?" என்று சிலர் கைவிரிக்கிறார்கள். பார்வை மாறாமல் பெயரை மட்டும் மாற்றினால் புதுப் பெயரும் கெட்டுப் போகும் என்பது வாஸ்தவம். ஈரம் கசிகிற சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல. அதற்காக, கசிவு நிற்கும் வரையில் அந்த அறையில் குடியிருப்பவன் கறையையே பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? கசிவையும் அடைக்க வேண்டும்; சுண்ணாம்பும் அடிக்க வேண்டும்.

நல்ல எண்ணத்தோடு வைத்த பெயரே புண்படுத்திய வரலாறும் நம் தேசத்தில் உண்டு. காந்தியடிகள் தம் குஜராத்திப் பத்திரிகையில் 'தீண்டத்தகாதவர்' என்று பொருள்படும் சொல்லை எழுதிக்கொண்டிருந்தபோது, அந்த மக்களில் சிலரே அவருக்கு ஆட்சேபம் தெரிவித்து எழுதினார்கள். அப்படியானால் நீங்களே ஒரு நல்ல பெயர் சொல்லுங்கள் என்று அவர் கேட்டார். அவர்களில் ஒருவர்தாம் 'ஹரிஜன்' என்ற பெயரைச் சொன்னார். 1933 பிப்ரவரியில் அந்தப் பெயரிலேயே காந்தியடிகள் ஒரு வாரப் பத்திரிகையும் தொடங்கினார். இதைவிட நல்ல உத்தேசம் யாருக்கு இருக்க முடியும்? ஆட்சேபத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பெயரையும் அவர்களிடமே கேட்டு வாங்கினார்.

ஆனாலும் 1938 ஜனவரியில் பம்பாய்ச் சட்டசபையில் அந்தப் பெயரைச் சட்டத்திலேயே எழுதுவதற்கு ஒரு மசோதா வந்தபோது, டாக்டர் அம்பேத்கரும் அவர் கட்சி அங்கத்தினர்களும் எதிர்த்தார்கள். எதிர்ப்பு எடுபடாதபோது வெளிநடப்புச் செய்தார்கள். கடவுளின் பிள்ளைகள் என்று அழைப்பது கௌரவம்தானே என்று அன்று பலருக்குத் தோன்றியிருக்கும். நாங்கள் மட்டும் கடவுளின் பிள்ளைகள் என்றால் நீங்கள் எல்லாரும் யாருடைய பிள்ளைகள் என்று கேட்கத் தோன்றாதா, அந்தப் பெயரைச் சுமக்கிறவனுக்கு? அவன் கேட்டது பக்கத்து வீட்டுக்காரனுக்கு உள்ள அதே உரிமைகளை. தனியாக ஒரு தெய்வீகப் பெயரை அவன் கேட்கவில்லை. பிறகு 1982-ல் மத்திய அரசாங்கமே சாதிச் சான்றிதழ்களில் அந்தச் சொல்லை எழுத வேண்டாம் என்று மாநிலங்களுக்கு எழுதியது.

இதில் காந்தியடிகளைக் குற்றம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றுவது வேறு. அவ்வளவு பெரிய மனிதரின் அவ்வளவு தூய உத்தேசமே ஒரு சொல்லைக் காப்பாற்றப் போதவில்லை என்றால், நம்முடைய 'மனசில் ஒன்றும் இல்லை' எம்மாத்திரம்? ஒருவரைக் கேட்டுவிட்டால் எல்லாரையும் கேட்டதாகாது. ஒரு தடவை கேட்டுவிட்டால் எல்லாக் காலத்துக்கும் கேட்டதாகாது. பெயர் யாருடையதோ அவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆகவே முதலில் எழுப்பிய கேள்விக்கு என் பதில் இதுதான். உத்தேசம் முக்கியம். ஒருவர் நல்லவரா கெட்டவரா என்று தீர்மானிக்க அதுதான் அளவுகோல். ஆனால் அவர் செய்ய வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கிறதா என்பதை அந்த அளவுகோலால் அளக்க முடியாது. நெரிசலான பஸ்ஸில் நம் கால் பக்கத்தில் நிற்பவரின் காலை மிதித்துவிடுகிறது. நாம் வேண்டுமென்று மிதிக்கவில்லை; ஆகவே நாம் கொடியவர்கள் அல்ல. அதற்காகக் காலை எடுக்காமல் நின்றுகொண்டு, "என் உத்தேசம் சுத்தமானது" என்று பிரசங்கம் செய்யலாமா? முதலில் காலை எடுக்க வேண்டும். உத்தேசத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். பெரும்பாலும் பேச வேண்டிய அவசியமே வராது.

கேட்பவருக்குக் கடமை இல்லையா? உண்டு. மிதித்தவன் வேண்டுமென்று மிதித்தானா, பஸ் குலுங்கியதால் மிதித்தானா என்று ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பது அந்தக் கடமை. வார்த்தை தவறி விழும் ஒவ்வொருவரையும் விரோதியாக்கிக்கொண்டால் கடைசியில் நமக்கு மிஞ்சுகிறவர்கள் தேர்ந்து பேசத் தெரிந்த சாமர்த்தியசாலிகள் மட்டுமே. நாவை அளந்து பேசத் தெரியாத அன்பான மனிதர்கள் உலகத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்களை இழப்பது பெரிய நஷ்டம். ஆனால் இந்தக் கடமையை எல்லாரிடமும் ஒரே அளவில் எதிர்பார்க்கக் கூடாது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மிதிபட்டவன் சிரித்துக்கொண்டு 'பரவாயில்லை' என்று சொல்லலாம். அதே இடத்தில் நூறு தடவை மிதிபட்டவன் நூற்றோராவது தடவை 'ஆ' என்று கத்தினால், "ஒரு மிதிக்கா இவ்வளவு சத்தம்?" என்று கேட்பது நியாயம் ஆகாது. நமக்கு அது ஒரு மிதி; அவனுக்கு அது நூற்றொன்று.

அப்படியானால் பேசவே பயந்து, ஒவ்வொரு சொல்லையும் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டு திரிய வேண்டுமா? வேண்டாம். பயந்து பேசுகிறவனின் பேச்சில் உயிர் இருக்காது. புண்பட்டுவிடுவாரோ என்று அஞ்சி ஒருவரிடம் பேசாமலே ஒதுங்கிப் போவது அவரை இன்னொரு விதமாகப் புண்படுத்துவதுதான். தவிர, கடுமையான சொற்களையெல்லாம் அகராதியிலிருந்து எடுத்துவிட்டால் என் போன்றவர்கள் கடையைக் கட்ட வேண்டியதுதான். கதையில் வரும் வட்டிக்கடைக்காரன் வட்டிக்கடைக்காரனைப் போலத்தான் பேசுவான். கொடுமைக்கார மாமியார் வாயில் கற்கண்டை வைத்தால் வாசகர் நம்ப மாட்டார். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பாத்திரத்தின் வாயில் வரும் கடுஞ்சொல்லுக்கு ஆசிரியன் கணக்கு வைத்திருக்கிறான். அது யாரைச் சுடும், ஏன் சுடும் என்று அவனுக்குத் தெரியும். தெரியாமல் அவனுடைய வர்ணனையிலே நழுவி வரும் சொல்லுக்குத்தான் கணக்கு இல்லை. பழைய கதைகளைப் படித்துப் பாருங்கள்: பண்ணையார்கள் எல்லாம் 'வந்தார்கள்', பண்ணையாட்கள் எல்லாம் 'வந்தான்'. எழுதியவர்களில் பலர் பண்ணையாளின் துயரத்துக்காகக் கண்ணீர் விட்டவர்கள். கண்ணீர் வந்தது, 'ர்' வரவில்லை.

எனக்குத் தெரிந்த வரையில் இந்த விஷயத்தில் நாம் செய்யக்கூடியது மிகச் சிறியது. "நான் என்ன சொல்லிவிட்டேன்?" என்ற கேள்வியை நாம் எல்லாரும் கேட்கிறோம், ஆனால் கேள்வியாகக் கேட்பதில்லை. பதில் வேண்டாம் என்ற குரலில், கதவைச் சாத்துவது போலக் கேட்கிறோம். அதையே, பதில் தெரிய வேண்டும் என்ற எண்ணத்தோடு, புண்பட்டவரின் முகத்தைப் பார்த்துக் கேட்டால் போதும். அவர் சொல்லுவார். சில சமயம் அது சின்ன விஷயமாக இருக்கும். இரண்டு பேரும் சிரித்துவிடலாம். சில சமயம் நாம் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய ஒரு கதையை அவர் சொல்ல வேண்டியிருக்கும். அப்போது இடையில் புகுந்து நம் மனத்தின் வெண்மையைப் பற்றிப் பேசாமல், அவர் சொல்லி முடிக்கும் வரையில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.